திருநெல்வேலித் திருமண்டலம்: 1896-க்கு முந்தைய வரலாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளிவந்த திருநெல்வேலித் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் இயங்கும் சபைகளின் தொகுதி) பற்றிய கட்டுரையைப் படித்தேன். பேராயர்களின் பெயர்களையும் அவர்கள் பொறுப்பேற்ற ஆண்டுகளையும் தேடித் தொகுத்திருக்கும் கட்டுரையாளரின் உழைப்பைப் பாராட்டுகிறேன். ஆனால், 1896-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் சாமுவேல் மார்லி முதல் அத்தியட்சராக (பேராயராக) அபிஷேகம் பெற்றதிலிருந்து வரலாற்றைத் தொடங்கி, அதற்கு முந்தைய நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்தை ஒரே பத்தியில் முடித்துவிட்டது பெருங்குறை என்றே கருதுகிறேன். இங்கே முதலில் சபைகள் உண்டாயின. சபைகளுக்குள் நிர்வாகம் உண்டாயிற்று. அத்தியட்சர் கடைசியாகத்தான் வந்தார். இந்த வரிசையைத் தலைகீழாகச் சொன்னால் இன்றைய அமைப்பையும் சரியாக விளங்கிக்கொள்ள முடியாது.

1778-இல் பாளையங்கோட்டையில் ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை குளோரிந்தா அம்மையார். 1780-இல் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அதில் முதல் பெயர் அவருடையது. அங்கே தங்கி ஊழியம் செய்ய அப்போது மிஷனரி எவரும் இல்லை. அந்த நிலையில் அவர் முன்னின்று கட்டிய ஆலயத்தை 1785-இல் ஸ்வார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் சொல்கிறார்கள். சபையைக் கவனிக்க வந்த சத்தியநாதன் 1790-இல் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். 1799-இல், ஊரில் இருக்கவிடாமல் துரத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக, உபதேசியார் (சபையில் போதிக்கும் ஊழியர்) தாவீது சுந்தரானந்தம் முன்னின்று முதலூர் என்ற குடியிருப்பை உருவாக்கினார். ஒரு பெண்மணி, ஒரு நாட்டுக் குரு, ஓர் உபதேசியார் ஆகிய மூவரும்தான் இந்தத் திருமண்டலத்தின் அடித்தளம். கட்டுரையில் இவர்களுக்கு ஆளுக்கொரு வரிகூட இல்லாதது வருத்தமளிக்கிறது.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி இரேனியுஸ் ஐயரின் காலம் விரிவாக எழுதப்பட வேண்டியது. நிலக்கிழார்களின் நெருக்கடியால் வீடு வாசலை இழந்தவர்களுக்கு மனை வாங்கித் தருவதற்காகவே 1830-இல் தர்ம சங்கம் ஏற்படுத்தப்பட்டது. உள்ளூர் மக்களின் காசும் அதில் சேர்ந்தது. இரேனியுஸுக்கும் அவர் சார்ந்திருந்த சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கத்துக்கும் இடையில் குருப்பட்டம் வழங்கும் முறை பற்றி மூண்ட கருத்து வேற்றுமை 1835-இல் பிரிவில் முடிந்தபோது, ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டவரை உபதேசிமார் கடிதம் எழுதித் திரும்ப வரவழைத்தார்கள். சங்கம் ஒருபுறமும் சபைகள் மறுபுறமுமாக நின்ற அந்த மூன்றாண்டுகள், 1838-இல் அவர் மறைந்தபின் பெரும்பாலான சபைகள் சங்கத்தோடு மீண்டும் இணைந்ததோடு முடிவுக்கு வந்தன. தங்களை யார் மேய்க்க வேண்டும் என்பதில் தங்களுக்கும் ஒரு சொல் உண்டு என்று இந்தச் சபைகள் அப்போதே காட்டிவிட்டன.

அதே உணர்வு வேறு வடிவத்திலும் வெளிப்பட்டது. மிஷனரி கால்டுவெல் 1849-இல் சாணார் (இன்றைய நாடார்) சமூகத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் மூட்டிய மனக்கசப்பும், மிஷனரிகளின் அதிகாரப் போக்கும் சேர்ந்து, 1857-இல் நாசரேத் வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை தலைமையில் ஒரு கூட்டம் பிரிந்துபோய், பிரகாசபுரத்தை மையமாகக் கொண்டு இந்துக் கிறிஸ்தவ சபையை நிறுவியது. திருமண்டல விழா மலர்கள் இதைத் தொடாமலே கடந்துவிடுவது வழக்கம். தங்கள் கட்டுரையும் கடந்துவிட்டது. கால்டுவெல்லின் தமிழ்ப்பணியையும் இடையன்குடியில் அவர் ஆற்றிய பணியையும் மதிக்கும் நான், இந்த மனக்காயத்தையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை என்று எண்ணுகிறேன்.

எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்), சி.எம்.எஸ். என்ற இரு மிஷனரி சங்கங்களும் ஒரே மாவட்டத்தில் தனித்தனியாக இயங்கியதால், 1877-இல் கல்கத்தாவில் எஸ்.பி.ஜி.யின் கால்டுவெல், சி.எம்.எஸ்.ஸின் சார்ஜென்ட் இருவரும் ஒரே நாளில் சென்னை அத்தியட்சரின் உதவி அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்றனர். சார்ஜென்ட் 1889-இலும் கால்டுவெல் 1891-இலும் மறைந்தனர். அதன்பின் தனித் திருமண்டலம் அமையும் வரை சபைகளைத் தாங்கியவர்கள் குருவானவர்களும் உபதேசிமார்களும் சபை மன்றங்களுமே. தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியரான ஜான் தேவசகாயம் கடாட்சபுரத்தில் ஊழியம் செய்த காலம் முதலே இதற்கான ஆட்கள் உருவாகி வந்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா முதலியோர் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை இந்தியரின் பணம், இந்தியரின் ஆட்கள், இந்தியரின் நிர்வாகம் என்ற கொள்கையோடு தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். அவர் 1912-இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சரானார்.

இன்றைய அமைப்பைப் பேராயர், உபதலைவர், லே செயலர் (குருவல்லாத செயலர்), பொருளாளர் என்று மேலிருந்து விவரித்திருக்கிறார் கட்டுரையாளர். கீழிருந்து பார்த்தால் படம் மாறும். சபையில் பெயர் பதிந்து, திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்று, சங்கக் காணிக்கையைத் தவறாமல் செலுத்துபவர்தான் வாக்காளர். சில சபைகள் சேர்ந்தது சேகரம். அதன் பொறுப்பு சேகர குருவானவரிடமும் கமிட்டியிடமும் இருக்கிறது. சேகரங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவோர் திருமண்டலப் பெருமன்றத்தில் அமர்கிறார்கள். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், பேராயர் தேர்விலும் பெருமன்றம் வாக்களித்துப் பெயர்ப்பட்டியல் தர, சினாடு (திருச்சபையின் உச்ச மன்றம்) அதிலிருந்து ஒருவரை நியமிக்கிறது. இத்தனைக்கும் ஆதாரமான பணம், பெண்கள் சமைக்கும்போதெல்லாம் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியிலும், ஆராதனை முடிந்து ஆலய வாசலில் ஏலம் போகும் முருங்கைக்காய், கோழி, கருப்பட்டி ஆகியவற்றிலும் இருந்து வந்தது. ஒரு சிப்பம் கருப்பட்டியை வேண்டுமென்றே ஏற்றிக் கேட்டுப் பல மடங்கு விலைக்கு எடுப்பவரைத் தென்மாவட்டச் சபைகளில் யாரும் கண்டிருப்பார்கள். தேர்தல் வழக்குகளைப் பற்றி மட்டுமே செய்தி வரும் இக்காலத்தில், அந்தத் தேர்தலுக்குப் பின்னால் இருப்பது இந்தக் காசு என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

2003-இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் பிரிந்தபோது முதலூர், நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் ஆகிய தாய்ச் சபைகள் புதிய திருமண்டலத்தில் சேர்ந்தன. பாளையங்கோட்டை, இடையன்குடி, டோனாவூர் பழையதிலேயே நின்றன. ஆகவே 2003-க்கு முந்தைய வரலாற்றை இரு திருமண்டலங்களும் சேர்ந்தே எழுத முடியும். அதற்கு முதற்சான்று சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். தென்பகுதிச் சேகரம் ஒன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தகப்பன் தொழில் என்ற பத்திகள். தொழில் என்ற இடத்தில் பக்கம் பக்கமாகப் பனையேறி என்றே எழுதியிருந்தது. பிற்பகுதியில் அதே இடத்தில் வாத்தியார் என்ற சொல் தலைகாட்டத் தொடங்குகிறது. ஒரு சமூகத்தின் ஏற்றத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஆவணத்தின் ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. நிழற்படம் எடுத்து வைத்தீர்களா என்று கேட்டதற்கு, அதற்கென்று பணம் ஒதுக்கப்படவில்லை என்றார்கள்.

இரு திருமண்டலங்களும் கூட்டாக ஒரு குழு அமைத்து, 1900-க்கு முந்தைய பதிவேடுகள் அனைத்தையும் எண்ணிமப் (டிஜிட்டல்) படங்களாக்கிப் பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் ஒவ்வொரு படியாக வைக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். குளோரிந்தா முதல் அசரியா வரையிலான காலத்தைப் பற்றித் தனித்தொடர் ஒன்றைத் தாங்கள் வெளியிட முன்வந்தால், உபதேசிமார் குடும்பங்களில் பெட்டிக்குள் கிடக்கும் பழைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் வெளிவர அது வழிசெய்யும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.