அவள் சிரிப்பைக் கவனித்த உங்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் மகளின் இரண்டு சிறுநீரகங்களும் நன்றாக வேலை செய்கின்றன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கடைசியாகப் பார்த்த கிரியேட்டினினும் அவள் வயதுக்குரிய அளவில்தான் இருக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள். நேரில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை, நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும்.

முதலில் வகுப்பு டீச்சருக்கு. உடை நனைந்துபோகிறது என்று அவளை ஒரு நாளும் நீங்கள் திட்டவில்லை. கழிப்பறைக்குப் போய்வந்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி நனைகிறது, மலச்சிக்கலும் இருக்கும் போலிருக்கிறது என்று எங்களைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

அப்புறம் குழந்தை மருத்துவருக்கு. காய்ச்சலோடு திரும்பத் திரும்ப வந்த சிறுநீர்த் தொற்றுக்காக உங்களிடம் வந்தோம். நீங்கள் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு உதட்டோரம் கீழே இழுபடும், கண் சுருங்கும்; பார்ப்பவர்கள் அழுகிறாள் என்றே நினைப்பார்கள். வீட்டில் எங்களுக்கு அது பழகிய முகம். நீங்களோ எழுதுவதை நிறுத்திவிட்டு, "தூங்கும்போது கண் முழுசா மூடுதாம்மா?" என்று கேட்டீர்கள். மூடாது. ஓச்சோவா நோய்க்குறி என்ற பெயரை அன்றுதான் கேள்விப்பட்டோம். சிரிக்கும்போது முகம் இப்படி மாறுவதும் சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாததும் சேர்ந்து வரும் பிறவி நோய் அது. கொலம்பிய மருத்துவர் பெர்னார்டோ ஓச்சோவா கண்டு சொன்னது. அதற்குக் காரணமான எச்.பி.எஸ்.இ.2 மரபணு தெரியவந்ததே 2010-இல்தான். இவ்வளவு அரிதான ஒன்றை ஒரு சிரிப்பில் பிடித்தீர்களே, டாக்டர்!

ஸ்கேன் எடுத்தவருக்கும் நன்றி. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்த்தீர்கள். சிறுநீர்ப்பை பாதிகூடக் காலியாகவில்லை, சுவர் தடித்திருந்தது. பை சுருங்கும்போது திறக்க வேண்டிய தசை இறுகிக்கொள்கிறது, அதனால் உள்ளே அழுத்தம் ஏறி சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்புகிறது, தொற்றும் சேர்ந்தால் அங்கே தழும்பு விழும் என்று சிறுநீரியல் மருத்துவர் படம் வரைந்து காட்டினார். விழுந்த தழும்பு மாறாது என்பதால்தான் அவர் ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை.

நர்ஸம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! சிறுநீரை வெளியேற்ற உள்ளே விடும் மெல்லிய குழாயான கதீட்டர் என்றதும் எனக்குக் கை நடுங்கியது. நீங்கள் கண்ணாடியை வைத்து அவளுக்கே இடம் காட்டிக் கொடுத்தீர்கள். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும், ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டியதில்லை, 1972-லேயே ஜாக் லாபிடஸ் என்ற மருத்துவர் காட்டிய வழி இது என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது நேரம் தவறாமல் அவளே போட்டுக்கொள்கிறாள். தொற்றும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

டாக்டர், அவள் சிரிக்கும் வீடியோவை மாணவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவளிடம் கேட்டோம். சரி என்றாள், கட்டாயம் காட்டச் சொன்னாள். தாராளமாகக் காட்டுங்கள்.

நன்றியுடன்,
அவள் அம்மா