"பெரியம்மா, கோட்டை எங்கை?"

கொழும்பின் கடற்கரைக்கும் பழைய கோட்டைப் பகுதிக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன பள்ளி விடுமுறைக்குத் தங்கையின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தான். பன்னிரண்டு வயது. ஒருநாள் வெள்ளவத்தையில் ரயில் ஏறினோம். கடலை ஒட்டி ஓடும் பாதை என்பதால் வழியெல்லாம் அலையைப் பார்த்துக்கொண்டே வந்தான். கோட்டை நிலையத்தில் இறங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பெரியம்மா, கோட்டை எங்கை?"

"இதுதானடா கோட்டை."

"மதிலைக் காணேல்லையே?"

யாழ்ப்பாணக் கோட்டையின் அகழியையும் மதிலையும் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறெப்படிக் கேட்பான்? முப்பது வருடமாக "கோட்டைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் எனக்குத்தான் உடனே பதில் வரவில்லை.

பிறகு நடந்துகொண்டே சொன்னேன். 1505 இல் போர்த்துக்கேயர் வந்ததையும், 1518 இல் இங்கே கோட்டை கட்டியதையும், ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு 1656 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்ததையும் சொன்னேன். 1796 இல் பிரித்தானியர் கைக்குப் போன கோட்டை, 1869 இலிருந்து அவர்களாலேயே இடிக்கப்பட்டது. காலியில் மதில் நிற்கிறது, யாழ்ப்பாணத்தில் நிற்கிறது, கொழும்பில் பெயர் மட்டும் நிற்கிறது.

முழுக்க அழிந்துவிடவும் இல்லை. ஒல்லாந்தர் கட்டிய டெல்ஃப்ட் வாசல் பழைய பிரிஸ்டல் வீதியில் ஒரு வங்கிக் கட்டடத்தோடு சேர்ந்து இன்னும் இருக்கிறது. அதை அடையாளம் காணாமல் இரண்டு தடவை தாண்டிப் போனோம். மூன்றாம் தடவை ஒரு காவலாளி கைகாட்டினார். வளைவின் கீழே போனதும் வெளி வெக்கை சட்டென்று விட்டது. பிள்ளை உள்ளங்கையைச் சுவரில் வைத்தான், எடுக்கவேயில்லை. "இவ்வளவு தடிப்பா!" என்றான். அந்த ஒரு நிமிடத்தில் அவனுக்குக் கோட்டை கிடைத்துவிட்டது. எந்தப் பாடப்புத்தகமும் அதைக் கொடுக்காது.

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அடைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படும் சிறு ஓட்டுக் கட்டடமும் கோட்டையில்தான் இருக்கிறது. நாயக்கர் வழிவந்த அந்த அரசன் 1815 இல் பிடிபட்டு, மறு வருடம் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே கண்மூடினான். உயர்ந்த கட்டடங்களுக்கும் நிறுத்தி வைத்த வாகனங்களுக்கும் நடுவில் அது ஒடுங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சதாம் வீதி முனையில் மணிக்கூட்டுக் கோபுரம். 1857 இல் கட்டியது. பத்து வருடம் கழித்து உச்சியில் விளக்கு வைத்து வெளிச்சவீடும் ஆக்கினார்கள். சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைக்கவே 1952 இல் அந்த விளக்கை அணைத்துவிட்டுக் கரையோரம் புதிய வெளிச்சவீடு கட்டினார்கள். இப்போது துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேர் கடலை நிரப்பியாயிற்று. கடல் இன்னும் தள்ளிப் போய்விட்டது.

அன்று என்னை மிகவும் வருத்தியது வழியில் கண்ட ஒரு பலகை. தமிழ் வரியில் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம். பிள்ளை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுச் சிங்கள வரியைக் காட்டி, "இதை வாசிக்கத் தெரிஞ்சிருந்தா நல்லாயிருக்கும்" என்றான். 1987 இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. அந்தப் பலகை ஆணியில் ஏறுமுன் தமிழ் தெரிந்த ஒருவர், ஒரேயொருவர், அதை வாசித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

நான் கேட்பதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. பழைய மதில் ஓடிய தடத்தை நடைபாதையில் வேறு நிறக் கல்லால் பதித்துக் காட்டுங்கள். அந்தக் கல் வரிசையைப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் கோட்டையைச் சுற்றி வரட்டும். டெல்ஃப்ட் வாசலுக்கும் அரசனின் அறைக்கும் வழிகாட்டிப் பலகை வையுங்கள், மூன்று மொழியிலும், பிழையில்லாமல். அங்கிருந்து காலிமுகத்திடல் வரை நடக்கிறவர்களுக்கு நிழல் மரமும் உட்கார இடமும் வேண்டும். வயதானவர்கள் அந்த வெயிலில் படும் பாடு கொஞ்சமல்ல.

பின்னேரம் திடலுக்கு வந்து இறால் வடை வாங்கினோம். ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் வழி இது என்று காட்டினேன். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதை இங்கேதான். கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காக இதைத் தமக்குப் பின் வருபவர்கள் பேண வேண்டும் என்று அவர் வைத்த கல் சொல்கிறது. அவருக்குப் பின் வந்தவர்களின் வரிசையில் இன்று இருப்பவர்கள் நீங்கள்.

மார்கழி விடுமுறைக்கு அவன் திரும்ப வருகிறான். இந்த முறை தம்பியையும் கூட்டிவந்து கோட்டையைத் தானே காட்டப் போகிறானாம். அதற்குள் அந்த ஒரு பலகையையாவது திருத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசி ஒருத்தி