கண்டக்டர் ஐயாவின் நோட்டுக்கு நன்றி

பெங்களூரில் விபத்து நடக்கும் இடங்களை ட்விட்டர் பதிவுகளிலிருந்து திரட்டி நாம் போட்ட வரைபடம் போய்ச் சேர வேண்டிய மேசைக்குப் போய்விட்டது. இடையில் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். இப்போது நன்றி மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

அல்சூரில் இருக்கும், பி.எம்.டி.சி. என்கிற பெங்களூரு நகரப் பஸ் கழகத்தில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஐயாவுக்குத்தான் முதல் வணக்கம். ஐயா, யாரும் கேட்காமலே ஒரு நோட்டு நிறைய பஸ் ஸ்டாப் பெயர்களை எழுதித் தந்தீர்கள். அதன் அருமையை எல்லோரும் அறிய வேண்டும். துல்லிய இருப்பிடம் சேர்க்கும் வசதியை ட்விட்டர் 2019-லேயே எடுத்துவிட்டது. விபத்துப் பதிவுகளில் மிஞ்சுவது இடத்தின் பெயர்தான். அல்சூரும் ஹலசூருவும் ஒன்று என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடலாம். கே.ஆர்.புரம் என்றால் ரயில்வே ஸ்டேஷன் பாலமா, மார்க்கெட்டா, டின் ஃபேக்டரி பக்கமா? ஐந்தாவது கிராஸ் என்றால் எந்த லேஅவுட்? விட்டால் முதலில் அகப்பட்ட இடத்தில் புள்ளி வைத்துவிடும்.

உங்கள் நோட்டில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பழைய பெயர், கன்னடப் பெயர், ஜனங்கள் கூப்பிடும் பெயர் எல்லாம் இருந்தன. போகும் திசைக்கும் வரும் திசைக்கும் தனித்தனி வரி. ஹெப்பாளில் மேம்பாலத்து நடுவில் ஒரே குவியலாகக் கிடந்த புள்ளிகள் அந்த வரிகளால்தான் எஸ்டீம் மால் ஸ்டாப், பாலத்து இறக்கம் என்று பிரிந்தன. ஓரிடத்தில் சிவப்பு மையில், "இங்கே பஸ் நிற்காது, ஜனம் ஓடிப்போய் ஏறும்" என்று குறித்திருந்தீர்கள். அது எந்த மேப்பிலும் கிடைக்காத தகவல்.

பதிவுகளைச் சலித்துத் தந்த மாணவர்களுக்கும் நன்றி. மறுபகிர்வுகளை நீக்கி, ஒரே விபத்தைப் பற்றிப் பலர் எழுதியதை ஒன்றாக்கி, வெறும் "லாரி பிரேக்டவுன்" செய்திகளைத் தனியே ஒதுக்கினீர்கள். டிகிரியை மீட்டராக்காமல் 100 மீட்டர் வட்டத்தில் புள்ளிகளைத் திரட்டினால் கணக்கு கோணிவிடும் என்று, மீட்டரில் இடம் குறிக்கும் யு.டி.எம். 43 என்ற வரைபட முறைக்கு மாற்றச் சொன்ன தம்பிக்குத் தனி நன்றி. சந்தேகப்பட்ட இடங்களை நேரில் பார்த்துச் சொன்ன ஆட்டோ அண்ணன்களுக்கும், டின் ஃபேக்டரி டீக்கடை அக்காவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

தேசிய நெடுஞ்சாலையில் கரும்புள்ளி என்று அரசு குறிக்க, சுமார் 500 மீட்டருக்குள் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ உள்ள 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் வேண்டும். அதற்கு முன்பே எச்சரிக்கத்தான் பதிவுகள். ஆனால் போன் கையில் உள்ள ஐ.டி. ஊழியர்கள் நிறைந்த அவுட்டர் ரிங் ரோட்டிலிருந்து பதிவுகள் கொட்டுகின்றன. பீன்யாவில் நள்ளிரவில் லாரி இடித்தால் எழுத ஆளில்லை. அதனால் பதிவு வராத சாலையை, ஆபத்தில்லை என்பதுபோல், இனிப் பச்சையாகக் காட்ட மாட்டோம். சாம்பல் நிறம்தான். போலீஸ் நிலைய எஃப்.ஐ.ஆர். பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே அதன் நிறம் மாறும். ஐயா, அந்தச் சாலைகளின் ஸ்டாப் பெயர்களுக்கும் உங்களிடம்தான் வருவோம்.