காலை 5 மணிக்கு வண்டி என்ன சொல்கிறது?

கேத்தி,
ஜனவரி 11

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. திண்டுக்கல் வெயிலிலேயே இருந்தவள், பூம்பாறைக் குளிரைத் தாங்குவாளா என்ற கவலை எனக்கு இருந்துகொண்டே இருந்தது. காலையில் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே பெரியவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, தை பிறந்ததும் சேருகிறான். அம்மா நன்றாக இருக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்காத நாளில்லை.

இந்த வாரம் பனி கடுமை. விடிகாலையில் கேரட் இலை மேல் உப்புத் தூவினாற்போல வெள்ளையாகக் கிடக்கிறது. வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிப்போகும். அதனால் 4 மணிக்கே எழுந்துவிடுகிறேன்.

சரி, உன் பிக்கப்புக்கு வருகிறேன். காலையில் கிளம்பவே மாட்டேன் என்கிறது, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒரே செல்ஃபில் எடுத்துவிடுகிறது, மெக்கானிக் நம்மைச் சந்தேகமாகப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். போன மார்கழியில் எனக்கும் அப்படியே நடந்தது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு 25 மூட்டை கேரட் ஏற்றி வைத்துவிட்டு, இருட்டில் வண்டியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். 10 மணிக்கு வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் பேட்டரியை மாற்று என்றார்கள். 6,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து மாற்றினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய கதைதான்.

கடைசியில் குன்னூரில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன், "வண்டிய ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க, பனியிலயே நிக்கட்டும்" என்றார். காலை 5 மணிக்கு நான் போனபோது கையில் வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டரோடு நின்றுகொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டதைத்தான் உனக்கு எழுதுகிறேன். குளிரில் வரும் கோளாறைக் குளிரில்தான் பார்க்க வேண்டும், மாப்ளே. அந்த நேரத்தில் வண்டி பக்கத்தில் இருப்பது நீதான். அதனால் நீதான் பார்க்க வேண்டும்.

முதலில் சத்தம். செல்ஃப் அடிக்கும்போது இஞ்சின் வேகமாகச் சுற்றுகிறதா, இல்லை "ஊம்... ஊம்..." என்று இழுக்கிறதா? இழுத்தால் கரண்ட் பக்கம் குறை. வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் பக்கமோ, சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் பக்கமோ போக வேண்டும்.

இழுக்கிறது என்றால் செல்ஃப் அடிப்பதற்கு முன்பே பேட்டரியில் மீட்டரை வை. முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பிறகு பையனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி நீ மீட்டரைப் பார். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போது நல்ல பேட்டரியே கிட்டத்தட்ட 20 சதவீதம் சக்தி குறைந்துதான் கொடுக்கும். அதே நேரம் ஆயில் கெட்டியாகி இஞ்சினைச் சுற்றவும் கூடுதல் பலம் கேட்கும். கீழே இருந்தபோது 20W-50 ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தாய் என்றால், உன் வண்டிப் புத்தகத்தில் 15W-40 சொல்லியிருக்கிறதா பார்த்து மாற்று. W-க்கு முன்னால் இருக்கும் எண் குறையக் குறையக் குளிரில் இளக்கமாக ஓடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் இழுத்தால்? என் வண்டியில் குறை இங்கேதான் இருந்தது. அந்தப் பெரியவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், இன்னொன்றை இஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 1.3 காட்டியது. குனிந்து, பேட்டரி நெகட்டிவ்விலிருந்து வரும் எர்த் வயரைச் சேஸிஸில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே வாஷருக்கு அடியில் செம்மண்ணாகத் துரு. வயர் முனையைத் தட்டினார், பச்சைப் பொடி அவர் உள்ளங்கையில் கொட்டியது. செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அவ்வளவும் இந்தத் துரு வழியாகத்தான் திரும்பி வர வேண்டும் என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வயர் போட்டு முடுக்கியதும் செல்ஃப் சத்தமே மாறிவிட்டது. என் பழைய பேட்டரியில் ஒரு குறையும் இருந்திருக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆகவே எர்த்தைப் பார்க்காமல் நீ பேட்டரிக்குப் பணம் கொடுக்காதே.

அப்புறம் புகை. வேகமாகச் சுற்றும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா, ஒன்றுமே வரவில்லையா? வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்துகிற சூட்டில்தான் பற்ற வேண்டும். சில்லிட்ட இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். நீ இருப்பதோ 6,000 அடிக்கு மேல், காற்றே கீழே இருப்பதில் 5ல் 4 பங்குதான். திண்டுக்கல்லில் தெரியாத குறை பூம்பாறையில் தெரிவது இதனால்தான். அந்த நேரத்தில் கைகொடுப்பது ஹீட்டர் பிளக். உன்னுடையது பழைய மாடல், அது இல்லாமல் குளிரில் பற்றுவது கஷ்டம்.

அதைச் சோதிப்பது சுலபம். பிளக்கின் வயரைக் கழற்று. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவ்வில் வைத்து, இன்னொன்றால் பிளக்கின் தலையைத் தொடு. லாம்ப் எரிந்தால் பிளக்கின் உள்கம்பி அறுந்துபோகவில்லை. எரியாவிட்டால் அது செத்துவிட்டது. எனக்கு நாலில் இரண்டு செத்திருந்தன. நாலும் நன்றாக இருந்தால் அதற்குக் கரண்ட் வருகிறதா என்று பார், கரண்டை அனுப்பும் சுவிட்சான ரிலே போயிருக்கலாம்.

புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை. ராத்திரியில் எங்கோ ஒரு ஹோஸ் வழியாகக் காற்றுப் புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிருக்கும். ஃபில்டர் மேல் இருக்கும் கை பம்பை அமுக்கிப் பார். மெத்து மெத்தென்று இருந்து, பத்துப் பதினைந்து தடவைக்கு அப்புறம்தான் இறுகினால் காற்றுப் பிடித்திருக்கிறது. ஃபில்டரில் தண்ணீர் நின்றாலும் வடித்துவிடு. டீசல் உறைந்துவிட்டதாக யாராவது சொல்லி ஏதாவது மருந்து விற்றால் வாங்காதே. லடாக் குளிரில் சாதா டீசல் உறையும், அதற்காகத்தான் இந்தியன் ஆயில் 2019இல் மைனஸ் 33 டிகிரி தாங்கும் டீசல் கொண்டுவந்தது. நம் மலைக் குளிர் அவ்வளவு தூரம் போவதில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதே. ஏர் ஃபில்டர் வாயில் இஞ்சினைக் கிளப்பும் ஸ்ப்ரே அடிக்கிறேன், அடியில் துணி கொளுத்திச் சூடேற்றுகிறேன் என்று யாரையும் கிளம்ப விடாதே. ஹீட்டர் பிளக் பழுத்திருக்கும்போது அந்த ஸ்ப்ரே உள்ளே போனால் வெடிக்கும், பிஸ்டன் உடையும். வண்டி போனால் வாங்கிக்கொள்ளலாம், நீ அந்தப் பக்கத்தில்தானே நிற்பாய்.

கோளாறு பிடிபடும் வரை வண்டியை இறக்கத்தில் நிறுத்து, உருட்டிக் கிளப்பிப் பார்க்கலாம். சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்காதே. நாளைக் காலை செல்ஃப் சத்தத்தையும் புகையையும் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு. ஹீட்டர் பிளக் என்றால் நான் நாலு வாங்கிக்கொண்டு பொங்கல் கழித்து நேரே வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்