48 பேருக்கு ஒரு ஆளு

அடியே,

போன ஞாயித்துக்கெழம நீ போன்ல "ஏன்டி, கடல் தாண்டிப் போயி கொலைகாரப் பயலுகளுக்கா ஊசி போட்டுட்டு இருக்க"ன்னு கேட்டப்ப பக்கத்துலயே மாமியார் உக்காந்திருந்தாங்க, அவங்ககிட்ட நான் ஏதோ கவர்மெண்ட் கிளினிக்னுதான் சொல்லி வச்சிருக்கேன், அதான் பட்டுனு பேச்ச மாத்திட்டேன். இன்னைக்கு லீவு, வீட்ல யாரும் இல்ல, இங்க அமெரிக்காவுல, டெக்சாஸ் ஸ்டேட்ல, ஒரு கவுண்டி ஜெயில்ல நர்ஸா நான் என்ன பண்றேன்னு எழுதிடுறேன்.

மொதல்ல உன் மனசுல இருக்குற நம்ம மதுரை அரசரடி சென்ட்ரல் ஜெயில மறந்துரு. தண்டனை வாங்கி வருஷக்கணக்கா கிடக்குறவங்க எல்லாம் ஸ்டேட் பிரிசனுக்குப் போயிருவாங்க. கவுண்டின்னா நம்மூரு மாவட்டம் மாதிரி, கவுண்டி ஜெயில்ங்குறது கிட்டத்தட்ட நம்மூரு சப் ஜெயில். நேத்து ராத்திரி குடிச்சிட்டு வண்டி ஓட்டுனவன், பொண்டாட்டிய அடிச்சவன், கடையில திருடுன பொம்பள, கூடவே கொலை கேஸ்ல ரெண்டு வருஷமா வாய்தாவுக்குப் போயிட்டு வர்றவன், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ. நாடு பூரா கணக்கெடுத்தாலும் இந்த மாதிரி ஜெயில்கள்ல 10 பேருக்கு 7 பேரு இன்னும் குற்றம் நிரூபணம் ஆகாதவங்கதான். நெறையப் பேருக்கு ஜாமீன் கட்ட காசு இருந்தா அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பாங்க. சிரிக்காத, நம்ம நாட்டுலயும் நாலுல மூணு பேரு விசாரணைக் கைதிதான்.

இத நடத்துறது யாருங்குற? ஷெரிஃப், கவுண்டி போலீசுக்குத் தலைவரு. பரீட்சை எழுதி வந்த ஆபீசர் இல்லடி, 4 வருஷத்துக்கு ஒருக்கா ஓட்டு கேட்டு ஜெயிக்கிறவரு! எலெக்‌ஷன் நேரத்துல ரோட்டோரம் பூரா அவரு பேரு போட்ட போர்டு நட்டு வச்சிருப்பாங்க, நம்மூரு கவுன்சிலர் மாதிரியே. டெக்சாஸ்ல 254 கவுண்டி, அத்தனைக்கும் ஒவ்வொரு ஷெரிஃப். ஆனா பணம் அவரு கையில இல்ல, கமிஷனர்ஸ் கோர்ட்னு ஒண்ணு இருக்கு, பேருதான் கோர்ட்டு, அது பட்ஜெட் போடுற சபை, அதுக்குத் தலைவருக்குக் கவுண்டி ஜட்ஜ்னு பேரு, அவரு சட்டமே படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. எனக்கு இது புரியவே ஆறு மாசம் ஆச்சு. வீட்டு வரியில இருந்து வர்ற காசு, ஜெயிலுக்கு ஆள் எடுக்க வரிய ஏத்துறேன்னு சொல்லிட்டு எவன் ஓட்டு வாங்குவான், நீயே சொல்லு.

அடுத்து ஆள் கணக்கு. 48 கைதிக்கு ஒரு ஜெயிலர் கண்டிப்பா இருக்கணும்னு டெக்சாஸ் ரூல். (ஜெயிலர்னதும் மீசைய முறுக்கிட்டு வர்ற பெரிய அதிகாரிய நெனைக்காத, இங்க அடிமட்ட காவலாளிக்கே அந்தப் பேருதான்.) 18 வயசு, ஸ்கூல் முடிச்ச சர்டிபிகேட், இருந்தா டெம்பரரி லைசன்ஸ் குடுத்து உள்ள விட்டுருவாங்க, ட்ரெய்னிங் முடிக்க ஒரு வருஷம் டைம். எங்க ஃப்ளோர்ல ஒரு பையன் இருக்கான், 19 வயசு, மீசை கூட சரியா வரல, அவன்தான் ராத்திரி பூரா 48 பேருக்கும் பொறுப்பு. அடுத்த ஷிப்ட் ஆளு வரலைன்னா அவன் வீட்டுக்குப் போக முடியாது, 12 மணி நேரம் 16 ஆகும். அதே சம்பளத்துக்குக் குடோன்ல பெட்டி அடுக்குற வேலை வெளிய கிடைக்குது, யாரும் மூஞ்சில எச்சி துப்ப மாட்டாங்க, அப்புறம் எவன் நிப்பான்? பக்கத்துல ஹூஸ்டன்ல ஹாரிஸ் கவுண்டி ஜெயில், இந்த ஸ்டேட்லயே பெருசு, அங்க ஆள் பத்தாம கைதிங்கள லூசியானா, மிசிசிப்பின்னு வேற ஸ்டேட்டுக்கே காசு குடுத்து அனுப்பி வச்சாங்க. வக்கீலு இங்க, கேஸு இங்க, ஆளு மட்டும் அங்க.

என் வேலைய சொல்றேன். விடியக்காலம் 3 மணிக்கு மருந்து வண்டிய தள்ளிட்டுக் கிளம்பணும். அந்தப் பையன் முன்னாடி நடப்பான், கதவுல தட்டு நுழையிற அளவு ஒரு சந்து இருக்கும், அத தொறப்பான், உள்ள இருந்து ஒரு கை நீளும். கையில கட்டியிருக்குற பட்டைய ஸ்கேன் பண்ணி, மாத்திரையக் குடுத்து, ஒரு வாய் தண்ணி, வாயத் தொற, நாக்கத் தூக்குன்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும், இல்லைன்னா கன்னத்துல அடக்கி வச்சு ரெண்டு நூடுல்ஸ் பாக்கெட்டுக்கு வித்துருவாங்க. பையன் இல்லாம நான் ஒரு கதவையும் நெருங்கக் கூடாது. ஆள் இல்லாத அன்னைக்கு வண்டியோட அப்படியே நிப்பேன், இன்சுலின் போட வேண்டியவன் உள்ள இருந்து கதவத் தட்டிட்டே இருப்பான். இந்த வைத்தியச் செலவும் கவுண்டி தலையிலதான், ஏழைங்களுக்கு வைத்தியச் செலவு குடுக்குற அரசாங்கத் திட்டம் மெடிகெய்ட், அது உள்ள இருக்குறவங்களுக்குப் பொதுவா காசு தராது, 1965ல இருந்தே சட்டம் அப்படி.

ரவுண்டுதான் எல்லாத்துலயும் முக்கியம். மணிக்கு ஒருக்கா ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் நேர்ல பாக்கணும், தற்கொலை பயம் இருக்குறவங்கள அரை மணிக்கு ஒருக்கா. 2015 ஜூலைல சாண்ட்ரா பிளாண்ட்னு ஒரு பொண்ணு, 28 வயசு, லேன் மாறும்போது இண்டிகேட்டர் போடலன்னு வண்டிய நிறுத்துனதுல ஆரம்பிச்சு, வாலர் கவுண்டி ஜெயில்ல மூணாம் நாள் தூக்குல கிடந்தா. வெளிய வர 500 டாலர் சொச்சம் போதுமா இருந்துச்சு. அங்க அந்த மணிக்கொரு ரவுண்டு சரியா நடக்கலன்னு ஜெயில்களக் கண்காணிக்கிற கமிஷனே எழுதுச்சு. 2017ல அவ பேருலயே சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் தற்கொலை பயம் மாதிரி ஆபத்து இருக்குறவங்க செல்லுக்கு எலக்ட்ரானிக் சென்சார் இல்லைன்னா கேமரா, நேர்ல போனாத்தான் பதிவாகும். போகாமலே நோட்டுல டைம் எழுதுறது நமக்குத் தெரியாததா, பெரியாஸ்பத்திரில ராத்திரி டெம்பரேச்சர் சார்ட்ட நாம ரெண்டு பேரும் எப்படி நிரப்புனோம்னு ஞாபகம் இருக்கா? அத நெனச்சா இப்பவும் எனக்கு வயித்தக் கலக்குது.

ஒரு தாத்தா இருக்காரு. கோர்ட்ல நிக்க மனநிலை சரியில்லன்னு ஜட்ஜ் சொல்லியாச்சு, ஸ்டேட் மனநல ஆஸ்பத்திரில பெட் காலியாகணும், மாசக்கணக்கா வெயிட்டிங். தெனமும் கம்பளிய மடிச்சு மடியில வச்சிட்டு "பஸ் வந்துருச்சா"ன்னு கேப்பாரு. நாளைக்கு வரும்னு சொல்லுவேன். அந்தப் பொடிப்பயலும் இப்ப அதையே சொல்லப் பழகிட்டான்.

சரி, உன் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் என்னாச்சு, திருமங்கலம் கிடைச்சுதா? அண்ணன் சுகர் குறைஞ்சுதா? யாராவது வந்தா நார்த்தங்காய் ஊறுகா குடுத்து விடு.

எழுதிட்டு இருக்கும்போதே சூப்பர்வைசர் மெசேஜ், இன்னைக்கு ராத்திரி ஒரு ஆள் குறையுது, வர முடியுமான்னு. போனக் கவுத்து வச்சிருக்கேன். பத்து நிமிஷம் கழிச்சு எடுத்துப் பாப்பேன்.

உன் பழைய ரூம்மேட்டு