ரிப்பன் மாளிகை வாசலில் ஒரு கற்குவியல் வேண்டும்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர் அவர்களுக்கும் ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம். மேம்பாலத் தூண்களிலும் பள்ளிச் சுவர்களிலும் மரம், மீன், பறவை என்று வரைந்து வைத்திருக்கிறோம். பார்க்க அழகுதான். ஆனால் சுவரில் வரைந்த மரத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. முன்னால் நின்று செல்ஃபி எடுத்தால் போதும். ஊர்க்காரர்கள் கைகொடுக்காவிட்டால் இம்மியும் நகராத ஒரு கலைப்படைப்பைச் சென்னையில், மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில், வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1982இல் ஜெர்மனியின் காஸல் நகரில் ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் இதைச் செய்தார். டாகுமென்டா கலைக் கண்காட்சியின்போது அருங்காட்சியகத்தின் முன்னால் 7,000 பசால்ட் கற்களைக் கொட்டிவைத்தார். நகரில் எங்காவது ஒரு மரம் நட்டால்தான் அங்கிருந்து ஒரு கல் கிளம்பும். போய் அந்த மரத்தின் பக்கத்தில் ஊன்றி நிற்கும். 500 மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) கொடுத்து யார் வேண்டுமானாலும் ஒரு மரத்தை ஏற்கலாம். முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். குவியல் கண்ணை உறுத்துகிறதா, மரம் நடுங்கள், வேறு வழியில்லை! இந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பாய்ஸ் 1986இல் இறந்துபோனார். கடைசி மரத்தை 1987இல் அவர் மகன் நட்டார்.

2015இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது ஒலாஃபுர் எலியாசன் என்ற கலைஞர் கிரீன்லாந்திலிருந்து 12 பெரிய பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து பொதுவெளியில் வைத்தார். மக்கள் தொட்டுப் பார்த்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள், கட்டிகள் உருகின. உலுக்கும் காட்சிதான். என்றாலும் பார்த்தவருக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. என் ஓட்டு கற்குவியலுக்கே.

2016 டிசம்பரில் வர்தா புயல் நம் நகரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதன்பிறகு நிறுவனங்கள், கல்லூரிகள், குடியிருப்போர் சங்கங்கள் என்று எல்லாரும் நட்டோம், படம் எடுத்தோம். இன்று பல தெருக்களில் விளம்பரத் தகட்டோடு இரும்புக் கூண்டு நிற்கிறது, உள்ளே கன்று இல்லை. ஆகவே காஸலின் விதியோடு நம் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கன்று பட்டுப்போனால் அதன் கல் குவியலுக்கே திரும்பி வர வேண்டும். எத்தனை நட்டோம் என்பது அறிக்கையில் இருக்கட்டும். எத்தனை பிழைத்தன என்பது, சென்ட்ரலில் இறங்கி நடக்கிறவர் கண்ணுக்கு, குவியலின் உயரத்திலேயே தெரிந்துவிடும்.

இதற்காகக் குவாரியில் புதிதாகக் கல் உடைக்க வேண்டாம். நடைபாதைகளைப் பெயர்க்கும்போது மிஞ்சும் பழைய கற்களே போதும். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும் கன்றை ஏற்றவரின் பெயரும் மட்டும் இருக்கட்டும். (திறப்பாளர் பெயருக்கு இடம் ஒதுக்காதீர்கள், தயவுசெய்து.) பூவரசு, புங்கன், நாவல் போன்ற நம் மண்ணின் மரங்களாகவே கொடுங்கள்.

முதலில் ஒரே வார்டில் நூறு கற்களோடு தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நட்டால் முதல் சில வாரங்களுக்குத் தண்ணீர்க் கவலை குறையும். கோடையில் எந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் விடுவது என்பதைப் வார்டுவாசிகள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் பெயர் சொல்லி எழுதிக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்