4,000 வாட் பெட்டியும் 9 வாட் அடாப்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழுக்குள் மடித்து வந்த தள்ளுபடி நோட்டீசைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்கான 2.1 ஸ்பீக்கர் செட், 4,000 வாட் பி.எம்.பி.ஓ., விலை 1,499 ரூபாய் என்று மஞ்சள் நட்சத்திரத்துக்குள் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. பார்த்ததும் கோபம் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. கோபம் ஏனென்றால் அதே மாதிரி ஒன்றை வாங்கி ஏமாந்தவள் நான். வெட்கம் ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தக்கலையில் பன்னிரண்டு வருஷமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் கொடைவிழா நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்வேன். காலை ஒன்பது மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு எட்டாகும். பாட்டு ஓடாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அஞ்சலி போஸ்டருக்கு ஆள் வந்து உட்கார்ந்தால் மட்டும் நிறுத்திவிடுவேன்.

மானிட்டருக்குள்ளேயே இருந்த ஸ்பீக்கரில்தான் ரொம்ப காலம் கேட்டேன். தகர டப்பாவுக்குள் யாரோ பாடுகிற மாதிரி இருக்கும். போன வருஷம் ஆவணி மாதம் கார்டு வேலை நன்றாக வந்ததால் நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போய், 1,450 ரூபாய்க்கு ஒரு 2.1 செட் வாங்கினேன். தரையில் வைக்க ஒரு பெரிய பெட்டி, மேசையில் வைக்க இரண்டு சின்னது. பெட்டிமேல் 4,000 வாட் என்று இருந்தது. பாட்டுக்கு ஏற்ற மாதிரி நீலமும் சிவப்புமாக விளக்கு வேறு மின்னியது. கடையில் போட்டுக் காட்டினார்கள். அது அவர்கள் பென் டிரைவில் இருந்த ஒரு குத்துப்பாட்டு. அதை எந்தப் பெட்டியில் போட்டாலும் அப்படித்தான் இருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

கடையில் கொண்டுவந்து மாட்டினேன். முதல் நாளே இரண்டு தொல்லை. மவுசை நகர்த்தினால் ஸ்பீக்கரில் கிர்ர் என்று சத்தம். பாட்டு ஓடாத நேரத்திலும் ஞொய் என்று ஒரு இரைச்சல். எங்கள் தெருவிலேயே மைக் செட் வாடகைக்கு விடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டிக் கட்டியே முடி நரைத்தவர். நோட்டீஸ் கொடுக்க வந்தவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு சி.பி.யூ.வின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். நான் ஸ்பீக்கர் ஒயரை முன்பக்கத் துளையில் செருகியிருந்தேன். அதைப் பிடுங்கி, பின்னால் இருக்கிற பச்சைத் துளையில் செருகினார். மவுஸ் சத்தம் அடங்கியது. முன்பக்கத் துளைக்குப் போகிற மெல்லிய ஒயர் கேபினட்டுக்குள் எல்லாவற்றையும் உரசிக்கொண்டுதான் வருகிறது, வழியில் கிடைக்கிற இரைச்சலை எல்லாம் கூடவே கூட்டிவரும் என்றார்.

அப்புறம் சி.பி.யூ.வின் இரும்பில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சுர்ரென்று இழுத்தது. "எர்த்து இல்ல மக்ளே, ஒனக்கு ஸ்பீக்கர் மேல என்னத்துக்குக் கோவம்?" என்றார். பழைய கட்டடம். மூன்று பின் பிளக் இருக்கிறது, மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்த பிறகு அந்த ஞொய்யும் போய்விட்டது. ஸ்பீக்கர் இரைகிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு ஓடலாம்.

இரைச்சல் போனதும்தான் பெட்டியின் உண்மையான குரல் கேட்டது.

எனக்கு வில்லுப்பாட்டு பிடிக்கும். எங்கள் ஊர்க் கொடையில் பதிவு செய்த ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். அதில் குடம் தனி, உடுக்கு தனி, வில்லின் மணி தனி. குடத்தின் வாயில் தட்டும்போது 'கும்' என்று எழும்பி மெல்லத் தேயும். அதைப் போட்டேன். குடமும் டம், உடுக்கும் டம். தவில் பதிவைப் போட்டால் அதுவும் டம். சுசீந்திரம் இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டவர்களுக்குத் தெரியும், தூணுக்குத் தூண் நாதம் மாறும். என் பெட்டி எல்லாத் தூணையும் ஒரே தூணாக்கிவிட்டது. மெல்லிய பலகையில் செய்த சின்னப் பெட்டி தனக்கென்று ஒரு சுரத்தில்தான் அதிரும், அடித்தொண்டைச் சத்தம் எது வந்தாலும் அந்தச் சுரத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று மைக் செட் அண்ணன் சொன்னார். கடையில் கேட்ட குத்துப்பாட்டில் இருந்ததே ஒரே ஒரு டம்தான், அதனால் குறை தெரியவில்லை.

4,000 வாட் கதைக்கு வருகிறேன். அந்த செட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டரை அண்ணன் கையில் எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். அவுட்புட் 9 வோல்ட், 1 ஆம்பியர். "ஒம்பதையும் ஒண்ணையும் பெருக்கு" என்றார். ஒன்பது வாட். அந்த ஒயர் வழியாக உள்ளே போகிறதே ஒன்பது வாட்தான். அதிலும் கொஞ்சம் சூடாகவே போய்விடும். "இதுல எங்க கெடக்கு மக்ளே நாலாயிரம்?" அவர் போன பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே 4,000 வாட் இழுக்கிற சாமான் என்றால், 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் வேண்டும். என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பது 5 ஆம்பியர் பிளக். என் வீட்டு மிக்சி 750 வாட். ஐந்து மிக்சி ஒரே நேரத்தில் ஓடினாலும் 4,000 வராது.

பி.எம்.பி.ஓ., அதாவது உச்ச சக்தி என்பதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கான விதியே கிடையாது. கண்ணிமைக்கிற நேரத்துக்குள் ஏதோ ஒரு உச்சத்தைக் கற்பனை செய்து, அதையும் பெருக்கி, அட்டையில் அச்சடித்துவிடுகிறார்கள். ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கிக் கொடுக்கிற சக்திக்கு ஆர்.எம்.எஸ். என்று பெயர். அதைப் போட்டால் 4 என்றோ 10 என்றோ 25 என்றோதான் வரும். பார்க்க அழகாக இருக்காது.

அந்தச் சின்ன எண்ணே போதும் என்பதுதான் விஷயம். என் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இரண்டரை அடி தூரம். அந்தத் தூரத்துக்கு ஒரு வாட் தாராளம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது, சத்தத்தை அளக்கிற கணக்கில் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். 1984-ல் நாகர்கோவிலில் தொடங்கிய வானொலி நிலையம் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்பதில் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெருமை உண்டு. அப்பா அதைக் கேட்டது பேட்டரி போட்ட ஒரு சின்ன டிரான்சிஸ்டரில். ஒரு வாட்கூட வராத பெட்டி. திண்ணையில் வைத்தால் அடுக்களையில் மீன் அரிந்துகொண்டிருக்கிற அம்மாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்.

ஆறு மாதம் அந்த டம்டம்மைச் சகித்துவிட்டு, அதை என் அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு விளக்கு பிடித்திருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு கிரியேட்டிவ் பெபிள் என்ற சின்ன ஜோடி ஒன்று வாங்கினேன். எந்த கம்பெனிக்கும் நான் விளம்பரம் செய்யவில்லை. அவர்கள் விவரத்தில் கூச்சப்படாமல் 4.4 வாட் ஆர்.எம்.எஸ். என்று போட்டிருந்தது, அதனாலேயே வாங்கினேன். 100 ஹெர்ட்ஸ் முதல் 17,000 ஹெர்ட்ஸ் வரை என்றும் போட்டிருந்தது. ஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறைய அடிச் சத்தம். மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 வரை என்று கணக்கு, வயதானால் மேல்பக்கம் தானாகக் குறைந்துவிடும். கீழே 100-க்குக் கீழ் இறங்காது என்று ஒத்துக்கொள்கிற பெட்டியை நம்பலாம் என்று தோன்றியது. இரண்டே கால் அங்குல ஸ்பீக்கர் 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்று யாராவது அட்டையில் போட்டால் மற்றதையும் படிக்க வேண்டாம்.

இந்த ஜோடிக்குக் கரண்டே யு.எஸ்.பி. ஒயர் வழியாகத்தான். இதிலும் ஒரு சின்ன விஷயம். சி.பி.யூ.வில் பழைய கறுப்புத் துளை 2.5 வாட்தான் கொடுக்கும், நீலத் துளை 4.5 வாட் வரை கொடுக்கும். நீலத்தில் செருகியிருக்கிறேன்.

குடம் இப்போது குடமாகக் கேட்கிறது. தவிலின் அடிச் சத்தம் முழுசாக வரவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் எது தவில், எது குடம் என்று தெரிகிறது. இதில் பாதி, வைத்த இடத்தால் வந்தது. முன்பு ஒரு ஸ்பீக்கர் சி.பி.யூ. மேல், இன்னொன்று பிரிண்டர் தட்டில். இடது வலதுகூட மாறியிருந்திருக்கிறது. இப்போது மானிட்டருக்கு இரண்டு பக்கமும் வைத்து, என் தலையையும் சேர்த்தால் முக்கோணம் வருகிற மாதிரி திருப்பியிருக்கிறேன். உயரத்துக்கு, யாரும் கேட்காத மாடல் கல்யாணக் கார்டுக் கட்டு இரண்டு. நாகஸ்வரம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம் என்று பதிவு செய்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் அடிச் சத்தம் வீங்கிக் கேட்கும், அதை பாஸ் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

குளச்சலில் இருக்கிற மைனி (அண்ணி) இதே மாதிரி வாங்க வேண்டுமென்று கேட்டார். கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் ஜாக் பச்சை பூத்துவிடும், வால்யூம் திருகைத் திருப்பினால் கரகரக்கும். மைனி வீட்டுப் பழைய ஸ்பீக்கருக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒயர் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அடாப்டர் உள்ள செட் என்றால் அடாப்டரில் ஆர் என்று தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். என்னுடைய பழைய செட்டின் அடாப்டரில் அது இல்லை.

ஏமாந்தவள் புகார் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. தவறான விளம்பரத்தை 2019-ம் வருஷச் சட்டம் கேள்வி கேட்கவும் செய்கிறது. ஆனால் 1,450 ரூபாய்க்காகக் கடையைப் பூட்டிவிட்டு யார் அலைவது? இந்தக் கணக்கு அந்தப் பெட்டியை விற்கிறவர்களுக்கும் தெரியும்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் நாளிதழில் ஸ்பீக்கர் விளம்பரம் போட வருகிறவர்களிடம், பி.எம்.பி.ஓ. போட்டால் பக்கத்திலேயே ஆர்.எம்.எஸ்.ஸும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். கடைக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். வாங்க வருகிறவர் தன் பென் டிரைவில் கொண்டுவந்த பாட்டை ஐந்து நிமிஷம் போட்டுக் கேட்க விடுங்கள். மெமரி கார்டில் 200 ரூபாய்க்கு ஆயிரம் பாட்டு ஏற்றியது வேண்டாம். அதில் பாதி நசுங்கிப்போன ஃபைல், எந்த ஸ்பீக்கரிலும் அப்படியேதான் கேட்கும். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டு, நல்ல பதிவாக இருந்தால் போதும்.

வெட்கத்தின் காரணம் சொல்லவில்லையே. போன தீபாவளிக்கு எங்கள் பகுதியில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது நான்தான். கோரல் டிராவில் மஞ்சள் நட்சத்திரம் போட்டு, அதற்குள் 5,000 வாட் என்பதை 72 பாயிண்டில் வைத்து, சிவப்புக்குக் கறுப்பு ஓரம் கொடுத்ததும் இந்தக் கைதான். காசு வாங்கினேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

இந்த வருஷ நோட்டீசுக்கு அதே கடைக்காரர் நேற்று வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பியிருக்கிறார். இப்போது 6,000 வாட். ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேட்டேன். "அதைப் போட்டா யாருக்கா வாங்குவா?" என்று பதில் வந்தது. அடாப்டரையாவது போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நட்சத்திரத்துக்குள் எண்ணை எடுத்துவிட்டுக் காலியாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.